ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கால்

என் வேலையில் நான் கேட்கும் முதல் கேள்வி, உங்களுக்கு உடம்புக்கு என்ன என்பதல்ல. நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான். கணினித் திரையில் ஒரு முகம் வந்து நிற்கும். இருமிக்கொண்டிருக்கும், அல்லது நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கும். நான் வணக்கம் சொல்லிவிட்டு, "இந்த நிமிஷம் நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள், மாநிலம் வெளியே நிற்கிறதா என்று பார்ப்பதுபோல. ஒரு பெண்மணி, "சமையலறையில்" என்றார். அது போதாது, மாநிலத்தின் பெயரை உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். அவர் பயந்துபோய் அஞ்சல் குறியீடு வரைக்கும் சொன்னார். படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பிய பிறகுதான் அவருடைய இருமல் எனக்குக் கேட்கலாம். தஞ்சாவூரில், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியிலும் "எந்த ஊரு?" என்று கேட்பார்கள்தான். அது யார் வீட்டு ஆள் என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது. இங்கே நான் கேட்பது, என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக.

நான் டாக்டர் இல்லை. ஊரில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது என்பதால் உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் நர்ஸிங் படித்தேன். நர்ஸாகத்தான் அமெரிக்காவுக்கு வந்தேன். சில வருடங்கள் வார்டில் நின்றுவிட்டு, மறுபடியும் கல்லூரிக்குப் போய் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் ஆனேன். ஒரு டாக்டரோடு சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டு, நோயாளியைச் சோதிக்கலாம், மருந்து எழுதலாம், காயத்துக்குத் தையல் போடலாம். சுருக்கமாக பி.ஏ. என்பார்கள். இதை முதன்முதலில் போனில் சொன்னபோது என் அண்ணன், "கலெக்டருக்கு, மந்திரிக்கெல்லாம் இருப்பாங்களே, அந்த பி.ஏ.வா? அதுவும் நல்ல வேலதான்" என்றார். பிறகு எவ்வளவோ விளக்கிவிட்டேன். ஆனாலும் குத்தாலம் கடைத்தெருவில் நான் ஒரு பெரிய டாக்டருக்கு ஃபைல் தூக்குகிறவள், எங்கள் தெருவில் நானே பெரிய டாக்டர். இரண்டு பதவியையும் ஒரே நேரத்தில் வகித்துவருகிறேன்.

நான் இருக்கும் மாநிலத்தின் எல்லை ஓர் ஆறு. எங்கள் கொள்ளிடம் அளவுக்கு அகலம். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது; டெல்டாக்காரர் யார் பார்த்தாலும் முதலில் வயிறெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மாநிலம். இரண்டு கரையிலும் அதே மக்காச்சோளம், அதே பேச்சு, அதே தொப்பி, அதே சர்க்கரை வியாதி. எங்கள் கிளினிக் பாலத்திலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே தள்ளி இருக்கிறது. அந்தக் கரை ஆட்களுக்கும் பக்கம் என்றால் நாங்கள்தான். அவர்கள் பாலம் தாண்டி நேரில் வந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. வீட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால்தான் வம்பு. சட்டப்படி வைத்தியம் நடக்கும் இடம் நான் இருக்கும் இடமல்ல, நோயாளி உட்கார்ந்திருக்கும் இடம். எனக்கு உரிமம் கொடுத்திருப்பது இந்தக் கரை. அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் புண்ணைப் பார்த்து நான் இங்கிருந்து ஒரு வார்த்தை சொன்னாலும், உரிமம் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்த்தவள் ஆகிவிடுவேன். உரிமம் போனால் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதமும் ஆட்டம் காணும். ஆகவே கட்டத்தை ஒழுங்காக நிரப்புகிறேன்.

வால்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தக் கரையில் மக்காச்சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி. பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், சர்க்கரையால் ஆறாமல் கிடந்தது. மாதம் ஒருமுறை நேரில் வருவார். நடுவில் வாரம் ஒருமுறை வீடியோ. பாலம் தாண்டியதும் இந்தக் கரையில் ஒரு மாட்டுத்தீவனக் கடை இருக்கிறது. தன் வண்டியை அதன் வாசலில் நிறுத்தி, பூட்ஸைக் கழற்றி, காலைத் தூக்கி ஸ்டியரிங் மேல் போட்டுக்கொண்டு, பாதத்தைப் போனுக்குக் காட்டுவார். பனிக்காலத்தில் ஹீட்டர் இரைகிற சத்தம் எனக்குக் கேட்கும். நான் கேட்பதற்கு முன்பே, "பாலம் தாண்டிவிட்டேன், டாக்" என்பார். டாக் இல்லை என்று அவரிடமும் சொல்லி அலுத்துவிட்டேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் வீட்டில் இருந்தபோது நான் பார்க்கக் கூடாத கால், இப்போது பார்க்கலாம். கால் என்னவோ அதே கால்தான்.

நேரில் வரும்போது அவருக்கு ஒரு சோதனை செய்வேன். தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை ஒன்று எங்களிடம் உண்டு. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இழையின் நுனியால் பாதத்தில் அங்கங்கே தொடுவேன். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன இடத்தில் ஒன்றும் தெரியாது. வால்டர் பல தடவை நான் தொடாதபோதே "தெரிகிறது" என்பார். அவர் ஏமாற்றவில்லை. தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரியே இருக்கும். அதனால் சீராகத் தொட்டுக்கொண்டு போகக் கூடாது, நடுநடுவே சும்மா நிறுத்திவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

ஒருநாள் வால்டர் இந்தப் பாலம் தாண்டும் வேலை எத்தனை நாளைக்கு என்று கேட்டார். மாநிலங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வருகிறது என்றேன். காம்பாக்ட் என்று பெயர். அதில் சேர்ந்த ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற பி.ஏ., சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் நோயாளிகளைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து விண்ணப்பம் போட வேண்டியதில்லை. இரண்டு கரையும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டன. ஆனால் ஆணையம் அமைய வேண்டும், பதிவேடுகளையெல்லாம் ஒரே கணினியில் கோக்க வேண்டும், அதுவரைக்கும் அனுமதி என்று ஒன்றும் கையில் கிடைக்காது. நான் தனியாக அந்தக் கரைக்கு ஓர் உரிமம் வாங்கியிருக்கலாம். ஒப்பந்தம்தான் வரப்போகிறதே, பொறு என்றது கிளினிக். சரி என்று பொறுத்தேன். பேச்சோடு பேச்சாக வால்டரிடம், எங்கள் ஊரிலும் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓர் ஆறு உண்டு, தண்ணீர்ப் பங்கீட்டுக்கு ஒப்பந்தம், வழக்கு என்று காலம்காலமாகப் போகிறது என்று சொன்னேன். "யார் ஜெயித்தது?" என்று கேட்டார். ஆட்டம் இன்னும் முடியவில்லை என்றேன். அவர் அதை ஏதோ பந்து விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, தன் பேரனின் அணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் திருத்தவில்லை.

அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது ஒன்றையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சனிக்கிழமை மாலை, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை; அதுதான் எங்கள் பேச்சு நேரம். என் அண்ணன் சேகர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். குத்தாலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயலை அண்ணன் குத்தகைக்குப் பிடித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். வாய்க்காலின் கடைசி வயல் அது. "ரெண்டு பக்கமும் சட்டம் பாஸாயிடுச்சுண்ணே, ஆனா இன்னும் நடைமுறைக்கு வரல" என்றேன். "அப்ப மேட்டூர்ல தொறந்துட்டாங்க, இன்னும் கல்லணைக்கு வந்து சேரலன்னு சொல்லு" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு வருட விளக்கத்தை ஒரு வரியில் முடித்துவிட்டார். வால்டர் தீவனக் கடை வாசலில் நின்று காலைக் காட்டுவதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சிரிப்பு. அண்ணியைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லச் சொன்னார். "அந்தக் கரையில இருக்கறப்பவே பாத்தா என்ன பண்ணுவாங்களாம்?" என்று அண்ணன் கேட்டார். கதைக்குக் காரம் வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, "லைசென்ஸப் புடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றேன். அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப ஜாக்கிரதயா இரு" என்றார்.

அவர் ஜாக்கிரதை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வருடம் தண்ணீர் வரத்து மோசம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். இன்ன வயலுக்கு இத்தனை மணி நேரம், அதற்குப் பிறகு மடையை அடைத்துவிட்டு அடுத்தவருக்கு விட வேண்டும். விடுமுறைக்கு வந்திருந்த நான் அண்ணனோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் முறை முடிந்தபோது வயலின் கீழ்ப்பாதி வெடிப்போடு கிடந்தது. அடுத்த முறைக்காரர் இன்னும் வந்திருக்கவில்லை. சுற்றிலும் ஆளே இல்லை. "இன்னும் ஒரு அரை மணி நேரம் ஓடட்டுமேண்ணே, யாரு பாக்கப் போறா?" என்றேன். அவர் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தார். கடைசியாக மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுத்தான் பேசினார். "மேல இருக்கறவன் முறைய மீறினா அவனுக்கு ஒரு நட்டமும் இல்ல. நம்ம கடைசி வயலு. முறைன்னு ஒண்ணு இருக்கறதாலதான் நமக்குத் தண்ணி வருது." அந்த வருடம் கீழ்ப்பாதி பதராகத்தான் போயிற்று. அவர் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

வால்டர் கதையைச் சொன்னதற்குப் பிறகு வந்த குறுவையில் அண்ணன் காலில் நத்தை ஓடு கிழித்திருக்கிறது. சேற்றில் இறங்குகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு காயமே இல்லை. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடம். எனக்குத் தெரியும், மாத்திரையின் பெயர் முதற்கொண்டு தெரியும். ஆனால் காயம் தெரியாது. வாராவாரம் பேசினோம். நடவுக்கு ஆள் கிடைக்காதது, மழை தப்பியது, அவர் மகள் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கப் போயிருப்பது, எல்லாம் பேசினோம். திரையில் எப்போதும் அவர் முகம்தான். முன்பெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் மாட்டைக் காட்டுவார், வயலைக் காட்டுவார். அந்த இரண்டு மாதமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்தே பேசினார். நாள் முழுக்கத் திரையில் மனிதர்களைப் பார்த்து, முகம் வெளுத்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். எனக்கு இது உறைக்கவில்லை.

அண்ணி கூப்பிட்டபோது நான் கிளினிக்கில் மதியச் சாப்பாட்டில் இருந்தேன். அது சனிக்கிழமை இல்லை. "கலா, உங்கண்ணன தஞ்சாவூருக்குக் கொண்டாந்துருக்கோம். கால்ல ஆபரேஷன்" என்றார். எத்தனை விரல், எலும்பு வரைக்கும் போயிருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு, காய்ச்சல் உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். அண்ணி அழுதுகொண்டே ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னார். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். போனை வைத்ததும் மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நோயாளிகளைப் பார்த்தேன். மூன்று பேரிடமும் எந்த மாநிலம் என்று கேட்டேன். விமானத்தில் நன்றாகத் தூங்கினேன். இதையெல்லாம் தைரியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நெஞ்சழுத்தமும் இல்லை. உள்ளே ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். மரத்த காலை ஊன்றி நடக்கிறவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பஞ்சு மேல் நடப்பதுபோல என்பார்கள். அப்படித்தான் திருச்சியில் இறங்கி நடந்தேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வலது காலில் பெருவிரல் உட்பட மூன்று விரல்களும், அவற்றின் பின்னால் பாதத்தில் ஒரு பகுதியும் போய்விட்டன. முழங்காலுக்குக் கீழே எடுக்காமல் காப்பாற்றியதே பெரிது என்றார் அங்கிருந்த டாக்டர். அது உண்மை. அறிக்கைகளைப் பார்த்ததும் எனக்கே தெரிந்தது. அண்ணன் என்னைப் பார்த்ததும், "லீவு போட்டுட்டு எதுக்கு வந்த?" என்றார். அண்ணி என்னை நடைவாசலுக்கு அழைத்துக்கொண்டு போய்க் கொட்டினார். "மருந்துக் கடையில மாத்திர வாங்கிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. கால்ல கேரி பேக்கக் கட்டிக்கிட்டு நாத்தங்கால்ல எறங்குவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, வலியே இல்ல, வலிச்சா நான் போவ மாட்டேனான்னு என்னைய அடக்கிடுவாங்க. உங்கிட்டயாவது சொல்றேன்னேன். மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க."

வீட்டுக்கு அழைத்துவர ஒரு கார் பிடித்தோம். அண்ணி முன்னால் உட்கார்ந்தார். அண்ணன் பின் இருக்கையில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலை என் மடிமேல் நீட்டியிருந்தார். பாபநாசம் வரைக்கும் வயல்களைப் பார்த்து, இது நம்மளவிடப் பின்னால நட்டது, இங்க உரம் அதிகம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாராசுரம் தாண்டும்போது கோயிலுக்கு வந்த பேருந்துகள் வழியை அடைத்துக்கொண்டன. கார் நின்றது. அப்போது கேட்டேன்.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா, காட்டுன்னுருப்ப."

"காட்டுனா என்ன?"

"நீதானே சொன்ன. ஆத்தத் தாண்டுனாலே பாக்கக் கூடாது, பாத்தா லைசென்ஸு போயிடும்னு. அந்தப் பெரியவரு பாலத்தத் தாண்டி வந்து, உன் எல்லைக்குள்ள நின்னுக்கிட்டுல்ல காலக் காட்டுறாரு. நான் எங்கேருந்து வண்டி ஓட்டிக்கிட்டு வர்றது?"

"அது வேலைக்குண்ணே. வீட்டு மனுஷங்களப் பாத்தா யாரு கேக்கப் போறா?"

"யாரு பாக்கப் போறான்னு அன்னிக்கும் இதத்தான் சொன்ன." அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "போன்ல பேசறது காட்டுறதெல்லாம் அந்த ஊர்ல பதிவாயிடும்கறாங்க. அம்மாந்தூரம் போயி படிச்சு வாங்குன வேல. நம்ம காலால அது கெட்டுடக் கூடாதுன்னு பாத்தேன். வலி இருந்திருந்தா கூட யோசிச்சிருப்பேன்."

அண்ணி முன்னாலிருந்து திரும்பவே இல்லை. அவருடைய பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. எனக்கு அங்கே அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டின் ஓரம் லேசாக நெகிழ்ந்திருந்தது, அதை இழுத்து ஒட்டினேன். அண்ணனின் காலைப் பார்ப்பது எந்தச் சட்டத்தில் குற்றம், எதில் குற்றமில்லை என்று உண்மையில் எனக்கு இன்றுவரை தெரியாது. வெளிநாட்டில் வைத்தியம் படித்த எல்லாரும் ஊரிலிருக்கும் தங்கள் வீட்டாருக்கு வாட்ஸாப்பில் பார்க்கத்தான் செய்கிறார்கள். நானும் அண்ணிக்கு இருமல் மருந்து சொல்லியிருக்கிறேன். வால்டர் கதையை அண்ணனிடம் சொல்வதற்கு முன்னால் நடந்தது அது. நான் ஒரு சட்டத்தை வேடிக்கைக் கதையாகச் சொல்லி முடித்துவிட்டேன். அண்ணன் அதை வாய்க்கால் முறையைப்போல எடுத்துக்கொண்டார். வால்டரின் புண் அதற்குள் ஆறிப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். காலையில் கட்டுப் பிரித்துக் கழுவிக் கட்டுவது என் வேலை. அமெரிக்காவிலிருந்து டாக்டர் வந்திருக்கிறார் என்று தெருவில் பரவி, ஆட்கள் ரத்தப் பரிசோதனைத் தாள்களோடு வந்தார்கள். இங்கே எனக்கு ஒரு மாத்திரை எழுதுவதற்கும் உரிமை இல்லை. இதை எப்படிச் சொன்னாலும் பணிவு என்றே எடுத்துக்கொண்டார்கள். "கால உத்துப் பாருங்க, செருப்பில்லாம நடக்காதீங்க, டாக்டர்கிட்டப் போங்க" என்று எல்லாருக்கும் ஒரே பாட்டைப் பாடினேன். ஆறு வருடம் படித்த படிப்பு, ஓர் ஆற்றின் ஒரு கரையில் மட்டும் படிப்பு. இன்னொரு கரையிலும், பிறந்த ஊரிலும் அது வெறும் பேச்சு.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அண்ணனின் இடது காலைச் சோதித்தேன். அந்தக் கால் முழுசாக இருக்கிறது. நைலான் இழையைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, குதிகாலில் தொட்டேன். "தெரியுது" என்றார். நடுப்பாதத்தில் தொட்டேன். "தெரியுது." பெருவிரலுக்குக் கீழே தொட்டேன். பதில் இல்லை. கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ம், தெரியுது" என்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாஸா?" என்று கேட்டார். பாஸ் என்றேன். பின்கட்டுக்குப் போய் அண்ணியிடம் உண்மையைச் சொல்லி, இழையைக் கொடுத்து, வாரம் ஒருமுறை எப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். அண்ணி தன் உள்ளங்கையிலேயே பத்து தடவை தொட்டுப் பழகினார்.

திரும்பி வந்து சில மாதங்களில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு மின்னஞ்சல், ஓர் எண், அந்தக் கரைக்கான அனுமதி. கிளினிக்கில் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு சாப்பிட்டேன், இனிப்பாக இருந்தது. வால்டர் முதன்முறையாகத் தன் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். மேசை, ஜாடி, ஜன்னலுக்கு வெளியே அவருடைய வயல். இத்தனை காலம் நான் பார்க்கக் கூடாதிருந்த வீடு இதுதான். "நான் எங்கே இருக்கிறேன், சொல்லுங்கள் பார்க்கலாம்!" என்று குழந்தை மாதிரி கேட்டார். நான், மாநிலத்தின் பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. அவருக்கு முகம் விழுந்துவிட்டது. உங்கள் ஊருக்குப் போய் வந்தீர்களே, விடுமுறை நன்றாக இருந்ததா என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

அண்ணனும் இப்போது வரப்பில் நடக்கிறார். சர்க்கரைக்காரர்களுக்கென்று தைக்கிற செருப்பு, முன்பக்கம் பஞ்சு வைத்தது. சேற்றில் இறங்குவதில்லை, வரப்பில் நின்று ஆள் விட்டுச் செய்கிறார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கூப்பிடும்போது முதலில் திரையில் கால்தான் வருகிறது. "மொதல்ல காலப் பாத்துக்க, அப்பறம் மொகத்தப் பாரு" என்பார். நான் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். கிளினிக் படிவத்தின் பழக்கம், அதே வரிசையில்தான் கை போகிறது. நோயாளி இருக்கும் இடம் என்று எழுதி, பக்கத்தில் குத்தாலம் என்று எழுதுவேன். பார்ப்பவர் இருக்கும் இடம் என்ற வரியை எழுதிவிட்டு, பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

போன வாரமும் அப்படித்தான். அண்ணி போனை ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்தார். அண்ணனின் இடது பாதம் திரை முழுக்க நிறைந்து நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார் என்று அண்ணி சொன்னார். இழையை உறையிலிருந்து எடுக்க மூக்குக்கண்ணாடி வேண்டும், அதை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டு அண்ணி எழுந்து போனார். இங்கே என் சமையலறையில் அடுப்பில் பால் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பாதம் அசையாமல் காத்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே, மரத்துப்போன அந்த இடத்தில், என் போன் திரையின் மேல் விரலை வைத்தேன்.

"தெரியுதாண்ணே?"

"தெரியுது" என்றார்.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இழை இன்னும் உறைக்குள்தான் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரையில் என்னைப் பார்த்தார். நான் விரலை எடுக்கவில்லை.